‘ஹேண்ட்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்து ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நினைவாற்றல் போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. அகரவரிசையில் அடுக்கிய நூறு தொடர்களுக்குள் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இருக்காது. உறவில்லாததை மனம் அதிக நாள் வைத்துக்கொள்ளாது. அதைவிட நல்ல வழி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு எளிய சொல்லை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கிளைத்த தொடர்களை மட்டும் அடி முதல் நுனி வரை கற்பது. அது கைவந்த பிறகு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு முதல் சொல்லாக நான் பரிந்துரைப்பது ‘ஹேண்ட்’. நம் ‘கை’யும் அதே அளவுக்கு வளமான சொல். கைகொடுத்தான், கைவிட்டான், கைகழுவினான், விஷயம் கைமீறிப் போச்சு, எதிரணியின் கை ஓங்கியது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆங்கிலத் தொடர்களில் பெரும்பகுதி இதனாலேயே நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். மீதிப் பகுதி நம்மைத் தடுக்கி விழவைக்கும், அதுவும் இதே காரணத்தால்தான். இரண்டையும் பிரித்தறிவதே இந்த வழிகாட்டியின் வேலை.

முதல் படி: கை என்னென்ன செய்கிறது என்று பாருங்கள்

அகராதியில் ‘ஹேண்ட்’ என்ற சொல்லைத் திறந்தால் தொடர்கள் மட்டுமே பத்தி பத்தியாக நீளும். அவற்றை அப்படியே படிக்காதீர்கள். கை என்ன வேலை செய்கிறது என்ற கேள்வியை முன்னால் வையுங்கள். தொடர்கள் தாமாகவே குடும்பம் குடும்பமாகப் பிரியும்.

கை உதவுகிறது. அந்தக் குடும்பத்தில் ‘லெண்ட் எ ஹேண்ட்’, ‘கிவ் மீ எ ஹேண்ட்’, ‘எ ஹெல்ப்பிங் ஹேண்ட்’ ஆகியவை வரும். கை ஒன்றைப் பிடித்து அடக்குகிறது. ‘த அப்பர் ஹேண்ட்’, ‘எ ஃபர்ம் ஹேண்ட்’, ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ அங்கே சேரும். கை ஒன்றைத் தன் வசம் வைத்திருக்கிறது. பொருள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் ‘சேஞ்ச் ஹேண்ட்ஸ்’, பொறுப்பானவரிடம் இருந்தால் ‘இன் குட் ஹேண்ட்ஸ்’, தகாதவரிடம் சிக்கினால் ‘ஃபால் இன்டு த ராங் ஹேண்ட்ஸ்’. கை எட்டும் தூரத்தைக் குறிப்பவை ‘அட் ஹேண்ட்’, ‘ஆன் ஹேண்ட்’, ‘டு ஹேண்ட்’.

கை உழைக்கிறது என்பதால் உழைக்கும் ஆளையே ஆங்கிலம் ‘ஹேண்ட்’ என்று அழைக்கிறது. கப்பல் தளத்தில் வேலை செய்பவர் ‘டெக்ஹேண்ட்’, பண்ணையில் வேலை செய்பவர் ‘ஃபார்ம்ஹேண்ட்’, ஆள் பற்றாக்குறை என்றால் ‘ஷார்ட் ஹேண்டட்’, பழுத்த அனுபவசாலி ‘ஆன் ஓல்ட் ஹேண்ட்’. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ என்னும்போது தலை ஆளைக் குறிக்கிறதே, அதே சினையாகுபெயர்தான். ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்ற மாலுமிகளின் கட்டளையில் மேல்தளத்துக்கு வரச் சொல்வது கைகளை மட்டுமல்ல, ஆட்கள் அத்தனை பேரையும். இன்று ‘எல்லோரும் இறங்கி வேலை செய்தால்தான் முடியும்’ என்ற நிலையைச் சொல்ல அலுவலகங்களிலும் இது புழங்குகிறது.

இன்னொரு குடும்பம் சற்று மறைந்திருக்கிறது. சீட்டாட்டத்தில் ஒருவர் பிடித்திருக்கும் சீட்டுகளின் தொகுதிக்கும் ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்றே பெயர். இது தெரியாவிட்டால் ‘ஃபோர்ஸ் சம்வன்ஸ் ஹேண்ட்’ என்பதைக் கையைப் பிடித்து முறுக்குவதாக நினைத்துவிடுவோம். தான் விரும்பிய நேரத்துக்கு முன்பே ஒருவர் முடிவெடுக்கும்படி நெருக்குவதுதான் அதன் பொருள். ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்றால் மனதில் இருக்கும் திட்டத்தை வெளிக்காட்டுவது. தன் பலத்தை அதிகமாக எண்ணி எல்லை மீறிக் கேட்டு, கிடைக்க இருந்ததையும் இழப்பது ‘ஓவர்ப்ளே யுவர் ஹேண்ட்’. பேரம், அரசியல், வழக்கு பற்றிய செய்திகளில் இந்த மூன்றும் அடிக்கடி வரும்.

இப்படிப் பிரிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். உதவி, முயற்சி, பங்கு ஆகியவற்றைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒருமை வருகிறது: ‘லெண்ட் எ ஹேண்ட்’, ‘டிரை யுவர் ஹேண்ட் அட்’, ‘ஹேவ் எ ஹேண்ட் இன்’. உடைமை, பொறுப்பு என்று வரும்போது பன்மை: ‘இன் குட் ஹேண்ட்ஸ்’, ‘சேஞ்ச் ஹேண்ட்ஸ்’, ‘ஆஃப் (off) மை ஹேண்ட்ஸ்’. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் ஒருமையா பன்மையா என்று தயங்கும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியான பக்கம் தள்ளும்.

இரண்டாம் படி: தமிழ்க் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு தொடருக்கும் நேரான தமிழ்த் தொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தயக்கமே வேண்டாம். ‘ரெட் ஹேண்டட்’ என்றால் கையும் களவுமாக. ‘கெட் த அப்பர் ஹேண்ட்’ என்றால் கை ஓங்குவது. கடை ஒன்று ‘சேஞ்ச்ட் ஹேண்ட்ஸ்’ என்றால் கைமாறியது. ‘எம்ப்டி ஹேண்டட்’ என்றால் வெறுங்கையோடு. ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்’ என்றால் என் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன, நான் நினைத்தாலும் செய்ய முடியாது. ‘பேக்ஹேண்டட் காம்ப்ளிமென்ட்’ என்பதில் புகழ்வதுபோல் இகழ்வதைப் பார்க்கலாம். நாம் வஞ்சப்புகழ்ச்சி என்று அணியிலக்கணத்தில் படித்ததற்கு மிக அருகில் இருப்பது அது.

அடுத்து, ஒத்ததுபோல் தோன்றி விலகுபவை. அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். யாரும் திருத்திச் சொல்லாமலே பல ஆண்டுகள் கூடவே வரும் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

தமிழில் ஒருவர் மீது ‘கை நீட்டினான்’ என்றால் அடித்தான் என்று பொருள். சில இடங்களில் யாசித்தான் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் ஒருவர் கையை நீட்டுவதாகச் சொன்னால் நட்பையோ உதவியையோ முன்வைக்கிறார் என்று அர்த்தம். தமிழில் செலவு ‘கையைக் கடித்தது’ என்றால் நட்டம். ஆங்கிலத்தில் ‘பைட் த ஹேண்ட் தட் ஃபீட்ஸ் யூ’ என்றால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ‘கை நீளம்’ என்று தமிழில் சொல்வது திருட்டுப் பழக்கத்தை. அதைச் சொல்ல ஆங்கிலம் கையை விட்டுவிட்டு விரலுக்குப் போய் ‘லைட் ஃபிங்கர்ட்’ என்கிறது.

இவற்றில் அதிகம் சிக்கலானது ‘கெட் யுவர் ஹேண்ட்ஸ் டர்ட்டி’. கறை படிந்த கை என்றால் நமக்கு உடனே ஊழல் நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலும் குற்றத்தில் தொடர்புகொள்வதைக் குறிக்க அது வருவதுண்டு. ஆனால் ஒரு மேலாளரைப் பற்றி ‘ஹி இஸ் நாட் அஃப்ரெய்ட் டு கெட் ஹிஸ் ஹேண்ட்ஸ் டர்ட்டி’ என்றால் அது பாராட்டு. உட்கார்ந்து உத்தரவு போடாமல் தானும் இறங்கி வேலை செய்கிறவர் என்பதே அதன் பொருள். சூழலைப் பார்க்காமல் தமிழ்ப் பொருளை ஏற்றிவிட்டால் பாராட்டு பழியாக மாறிவிடும்.

‘கிவ் எ ஹேண்ட்’ தொடரும் கவனத்துக்குரியது. ‘கிவ் மீ எ ஹேண்ட் வித் திஸ் பாக்ஸ்’ என்றால் பெட்டியைத் தூக்கக் கைகொடு என்று பொருள். அதே தொடரில் ‘பிக்’ என்ற சொல் சேர்ந்து, மேடையில் நிற்பவர் கூட்டத்தைப் பார்த்து ‘கிவ் ஹெர் எ பிக் ஹேண்ட்’ என்றால், அவருக்குப் பலத்த கைதட்டல் கொடுங்கள் என்று கேட்கிறார்.

மூன்றாம் படி: சின்னச் சொல்லை விடாதீர்கள்

‘ஷி வாஷ்ட் ஹெர் ஹேண்ட்ஸ்’ என்றால் அவர் கை கழுவினார், சோப்பும் தண்ணீரும் போதும். ‘ஷி வாஷ்ட் ஹெர் ஹேண்ட்ஸ் ஆஃப் த ப்ராஜெக்ட்’ என்றால் அந்தத் திட்டத்தையே கைகழுவிவிட்டார், இனி அவருக்கு அதில் பொறுப்பில்லை. ‘ஆஃப்’ (of) என்ற ஒரே சொல்தான் பொருளை அடியோடு மாற்றுகிறது. தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து செய்துவிடுகின்றன. அதனால் ஆங்கிலத்தில் பிரிபொசிஷனை நம் காது லேசாகவே கேட்கிறது. பழகும்வரை தொடரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பிரிபொசிஷனை அழுத்திச் சொல்லுங்கள்.

‘ஹேண்ட்’ முன்னால் வரும் பிரிபொசிஷன்களைப் பிரித்து வைத்துக்கொள்வது அவசியம். ‘அட் ஹேண்ட்’ என்பது அருகில் இருப்பது, இடத்தால் மட்டுமின்றிக் காலத்தாலும். தேர்வு நெருங்கிவிட்டது என்பதைக்கூட இப்படிச் சொல்லலாம். ‘ஆன் ஹேண்ட்’ என்றால் தேவைப்பட்டால் உதவத் தயாராக அங்கேயே இருப்பது. ஆட்களுக்கும் இருப்பில் உள்ள பொருள்களுக்கும் பொருந்தும். நம் ‘கைவசம்’ இதற்கு மிக நெருக்கம். ‘டு ஹேண்ட்’ பிரிட்டிஷ் வழக்கில் அதிகம், எடுத்துக்கொள்ளும் தூரத்தில் இருப்பதைச் சொல்லும். ‘பை ஹேண்ட்’ என்றால் இயந்திரம் இல்லாமல் கையால் செய்தது, அல்லது தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தது. ‘ஆஃப்ஹேண்ட்’ என்றால் சரிபார்க்காமல் அந்த நேரத்து நினைவிலிருந்து சொல்வது. ஒருவரின் பேச்சு ‘ஆஃப்ஹேண்ட்’ ஆக இருந்தது என்றால் அவர் அலட்சியமாகப் பேசினார் என்று பொருள்.

‘இன் ஹேண்ட்’ மட்டும் பல முகம் கொண்டது. நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதற்கும் வரும், இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை என்பதற்கும் வரும். பிரிட்டிஷ் கால்பந்துச் செய்திகளில் ஒரு அணிக்கு ‘எ கேம் இன் ஹேண்ட்’ இருக்கிறது என்று படித்தால், போட்டி அணியைவிட அது ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறது, இன்னும் புள்ளி சேர்க்க ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

பன்மையோடு சேரும் ‘அட் த ஹேண்ட்ஸ் ஆஃப்’ வேறு ரகம். ஒருவரால் பட்ட துன்பத்தையோ தோல்வியையோ சொல்லத்தான் அது வரும். ஒருவரிடம் பரிசு பெற்றதைச் சொல்ல இதைப் பயன்படுத்தினால் வாக்கியம் விகாரமாகிவிடும்.

நான்காம் படி: பக்கத்தில் எந்த வினை நிற்கிறது என்று பாருங்கள்

மரபுத்தொடர் தனியாக வாழ்வதில்லை. அதற்கென்று சில வினைகளும் சில எழுவாய்களும் இருக்கும். ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ தொடரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும்.

‘கெட்’ வினையோடு வந்தால் கைமீறிப் போவது. எழுவாயாகப் பெரும்பாலும் கூட்டம், சண்டை, செலவு, விலைவாசி, கொண்டாட்டம் போன்றவை நிற்கும். ‘த பார்ட்டி காட் அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்பதுபோல. இதே தொடர் ‘ரிஜெக்ட்’, ‘டிஸ்மிஸ்’ போன்ற வினைகளோடு வந்தால் பொருள் வேறு. ‘த கமிட்டி ரிஜெக்டெட் த ப்ரொபோசல் அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்றால் குழு அந்த யோசனையைப் பரிசீலிக்காமலே எடுத்த எடுப்பில் தள்ளிவிட்டது. குழு கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். பழைய ஆங்கிலப் புழக்கத்தில் இந்தத் தொடருக்கு ‘உடனடியாக’ என்று பொருள் இருந்தது. அந்தப் பழைய பொருள்தான் மறுப்பைக் குறிக்கும் வினைகளோடு ஒட்டிக்கொண்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே தொடரைப் பார்த்ததும் பொருளை முடிவு செய்யாதீர்கள். வினையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிப்பட்ட துணைச் சொற்களைத் தேடக் கற்பவர்களுக்கான அகராதிகள் நன்றாக உதவும். 1987இல் முதலில் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி பொருளையே முழு வாக்கியமாக எழுதும் முறையைக் கொண்டுவந்தது. தொடர் எந்த எழுவாயோடு வருகிறது என்பது அந்த விளக்கத்திலேயே தெரிந்துவிடும். இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் மொழித்தொகுப்புகளைத் திறக்கலாம். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் தொகுப்பில் 10 கோடி சொற்கள் அளவுக்கு உண்மையான எழுத்தும் பேச்சும் இருக்கின்றன. சமகால அமெரிக்க ஆங்கிலத்துக்கான ‘கோக்கா’ தொகுப்பில் 100 கோடிக்கும் மேல். ஒரு தொடரைத் தேடி, வரும் வாக்கியங்களில் முதல் முப்பதைப் பொறுமையாகப் படித்தாலே போதும். எந்த விளக்கப் பட்டியலும் தராத தெளிவு கிடைக்கும்.

ஐந்தாம் படி: பிறந்த கதை உதவினால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

தொடரின் பின்னணி தெரிந்தால் அது மனதில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். ‘வின் ஹேண்ட்ஸ் டவுன்’ குதிரைப் பந்தயத்தில் பிறந்தது. வெற்றி உறுதியாகிவிட்ட சவாரிக்காரர் குதிரையை மேற்கொண்டு விரட்டத் தேவையில்லாமல் கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்திவிடுவார். அதனால்தான் இது ‘மிக எளிதாக வெல்வது’ என்ற பொருளைத் தருகிறது. அரும்பாடுபட்டுக் கடைசி நிமிடத்தில் பெற்ற வெற்றிக்கு இது பொருந்தாது. ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்’ என்பதற்குப் பின்னால் பைபிளின் மத்தேயு 27:24 இருக்கிறது. இயேசுவின் மரணத்தில் தனக்குப் பொறுப்பில்லை என்று ரோமானிய ஆளுநர் பிலாத்து கூட்டத்தின் முன் தண்ணீர் எடுத்துக் கைகழுவிய காட்சி அது. ‘ரெட் ஹேண்டட்’ ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கிலிருந்து வந்தது. கொலை செய்த கையில் ரத்தம் காயும் முன்பே பிடிபடுவதுதான் அந்தச் சிவப்பு.

ஆனால் இணையத்தில் உலவும் எல்லாக் கதைகளையும் நம்பிவிட வேண்டாம். கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கட்டைவிரலை எடுத்துக்கொள்வோம். ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்ற தொடர், கட்டைவிரலைவிடத் தடிமன் குறைந்த பிரம்பால் கணவன் மனைவியை அடிக்கலாம் என்ற ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்தது என்று இன்னமும் எழுதுகிறார்கள். அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லை. தோராயமான, அனுபவத்தால் வந்த அளவுமுறை என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலேயே அந்தத் தொடர் புழங்கியிருக்கிறது. நம்பகமான அகராதி சொல்லாத கதையைக் குறிப்பேட்டில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

ஆறாம் படி: ஒரு தொடருக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்

தொடர், அதற்கு எதிரே பொருள் என்று இரண்டு பத்தி கோடு போட்டு எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘டிரை யுவர் ஹேண்ட் அட்’ தொடருக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

பொருள்: இதற்கு முன் செய்யாத ஒன்றை முதன்முறையாக முயன்று பார்ப்பது. பின்னால் வருவது: பெயர்ச்சொல் அல்லது ‘இங்’ விகுதி பெற்ற வினை. எதற்கு வரும்: திறமை வேண்டிய செயலுக்கு, அதாவது கவிதை, மண்பாண்டம் வனைதல், நடிப்பு, மொழிபெயர்ப்பு. எதற்கு வராது: எல்லோரும் யோசிக்காமல் செய்யும் செயலுக்கு, அதாவது நடப்பது, கதவைத் திறப்பது. மாறக்கூடியது: ‘யுவர்’ என்ற இடத்தில் மை, ஹிஸ், ஹெர், தெயர். மாறாதது: ‘ஹேண்ட்’ ஒருமை, ‘அட்’. தொனி: இயல்பானது, பேச்சுக்கும் எழுத்துக்கும் பொருந்தும். என் வாக்கியம்: ‘ஆஃப்டர் ரிடையரிங், ஷி டிரைட் ஹெர் ஹேண்ட் அட் பெயின்டிங்.’

‘எதற்கு வராது’ என்ற வரியை நிரப்புவது கடினம். ஆனால் மற்ற எல்லா வரிகளையும்விட அதிகம் கற்றுத்தருவது அதுதான். கடைசி வரியில் உங்களுக்கு உண்மையாகவே தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். அகராதியிலிருந்து பெயர்த்து எழுதிய வாக்கியம் நினைவில் தங்காது.

ஏழாம் படி: புரிந்துகொள்வதற்கும் பயன்படுத்துவதற்கும் தனித்தனிக் கணக்கு

கேட்டால் புரிய வேண்டிய தொடர்கள் ஐம்பது இருக்கலாம். நீங்களாகப் பேச்சில் எடுத்தாளப் பத்து போதும். அந்தப் பத்தில் ‘கிவ் மீ எ ஹேண்ட்’, ‘ஐ ஹேவ் மை ஹேண்ட்ஸ் ஃபுல்’ (எனக்குக் கைநிறைய வேலை இருக்கிறது), ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்’, ‘கெட் அவுட் ஆஃப் ஹேண்ட்’, ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட்’ (இடையில் யாரும் இல்லாமல் நேரடியாக) ஆகியவற்றைச் சேர்ப்பேன். யாரிடமும் எந்தச் சூழலிலும் உறுத்தாமல் பொருந்தக்கூடியவை இவை.

கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ தவிர்க்க முடியாதது. ஆனால் அதற்கு முன் சொன்னதோடு முரணோ மாறுபட்ட கோணமோ இருந்தால்தான் அது வரலாம். ‘மேலும்’ என்ற பொருளில் கூடுதல் தகவலைச் சேர்க்க அதைப் போடுவது தவறு. ‘ஆன் த கான்ட்ரரி’ என்பதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முன்சொன்னதை மறுப்பது. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ மறுக்காமல் இன்னொரு பக்கத்தைக் காட்டுவது.

தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் மதிப்பீட்டு வரையறையில், மரபு சார்ந்த சொல்வழக்கை ஓரளவு பயன்படுத்துவது 7ஆம் பேண்டுக்கான (மதிப்பெண் நிலைக்கான) அடையாளங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதை நம்பிப் பதிலுக்கு மூன்று தொடர் வீதம் திணித்தால் பேச்சு செயற்கையாகிவிடும். இடத்துக்குப் பொருந்திய ஒரே தொடர், சரியான பிரிபொசிஷனோடு வந்தால் அதன் மதிப்பே வேறு.

அடுத்த சொல்

‘ஹேண்ட்’ வினையாக வரும் தொடர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகருங்கள். ‘ஹேண்ட் இன்’ சமர்ப்பிப்பது, ‘ஹேண்ட் அவுட்’ வினியோகிப்பது, ‘ஹேண்ட் ஓவர்’ ஒப்படைப்பது, ‘ஹேண்ட் டவுன்’ அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது. நீதிமன்றம் தீர்ப்பு வழங்குவதற்கும் ‘ஹேண்ட் டவுன்’ வரும். ‘யூ ஹேவ் டு ஹேண்ட் இட் டு ஹெர்’ மட்டும் இவற்றோடு சேராது. ‘பிடிக்கிறதோ இல்லையோ, அவரைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்’ என்ற மனநிலையில் சொல்வது அது.

பிறகு ‘ஹெட்’ சொல்லுக்குப் போகலாம். தமிழிலும் தலை தொடர்பான தொடர்கள் ஏராளம் என்பதால் இரண்டாம் படியில் நல்ல வேலை இருக்கும். பாடம் ‘ஓவர் மை ஹெட்’ என்றால் தலைக்கு மேலே போய்விட்டது, புரியவில்லை. ‘ஷி வென்ட் ஓவர் மை ஹெட்’ என்றால் என்னைக் கேட்காமல் என் மேலதிகாரியிடம் நேராகப் போய்விட்டார். இங்கேயும் வினையும் எழுவாயும்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன. ‘டைம்’ சொல்லைச் சற்றுப் பின்னால் தள்ளி வையுங்கள். அதற்கு உடலுறுப்புபோல் கண்ணால் காணும் உருவம் இல்லை. ‘இன் டைம்’, ‘ஆன் டைம்’ என்ற வேறுபாட்டிலேயே பலர் தடுமாறுகிறார்கள். குறித்த நேரத்துக்குச் சரியாக வந்தால் ‘ஆன் டைம்’, நேரம் தாண்டும் முன் வந்து சேர்ந்தால் ‘இன் டைம்’. பிரிபொசிஷனை அழுத்திச் சொல்லும் பழக்கம் ‘ஹேண்ட்’ வழியாக வந்துவிட்டவர்களுக்கு இது அவ்வளவு கடினமாக இருக்காது.